‘கெட்ட பெண்’ என்று சொன்னது யார்?

மட்டக்களப்பு வாவியின் மீது பூரண நிலவு எழுகின்ற இரவுகளில், கல்லடிப் பாலத்தின் அருகே ஓடத்தை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் மேல்நுனியில் காதை வைத்துக் கேட்கும் வழக்கம் நம்மவர்க்கு நெடுங்காலமாக உண்டு. நீருக்கடியிலிருந்து எழும் அந்த மெல்லிய ஒலியின் காரணமாகவே நம் நாட்டுக்கு ‘மீன் பாடும் தேன் நாடு’ என்ற பெயர் வாய்த்தது. 1848-ஆம் ஆண்டில் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்னும் பிரித்தானிய அதிகாரி, நிலவொளியில் ஓடத்தில் சென்று அவ்வொலியைத் தாமே கேட்டு எழுதி வைத்தார். பாடுவது மீனா, ஊரி மட்டியா என்று அன்று தொடங்கிய விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. பாலத்தின் மேல் நின்று உரத்துப் பேசிக்கொண்டிருப்பவரின் காதில் அது ஒருபோதும் விழுவதில்லை.

இதனை இங்கே நாம் நினைவுகூர்வதற்குக் காரணம், நமக்கு அறிமுகமான ஒரு தாயார் அண்மையில் நம்மிடம் கேட்ட கேள்வியேயாகும். வாவிக் கரையில் வாழும் அவருக்குப் பதினாறு வயதிலே ஒரு மகள். ‘பேட் கேர்ள்’ என்ற தமிழ்த் திரைப்படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

“அந்தப் படத்தைக் குமர்ப்பிள்ளைகள் உள்ள வீட்டில் பார்க்கலாமா? கெட்ட படம் என்றுதானே எல்லாரும் கதைக்கினம்,” என்றார் அவர்.

“நீங்கள் பார்த்தீர்களா, அக்கா?” என்று கேட்டோம்.

“இல்லை. துண்டுப் படம் ஒன்றுதான் போனில் வந்தது. அதைப் பார்த்தது போதாதா?”

சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அவரே தொடர்ந்தார்: “என்ட மகளும் இப்ப வீட்டில் ஒருத்தரோடயும் கதைக்கிறாள் இல்லை. மூன்று மாதமாச்சு. கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறாள்.”

படத்தைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கியது உண்மையில் மகளைப் பற்றிய கேள்வி என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. ஆகவே அப்படத்தை உலகம் எவ்வாறு வரவேற்றது, எங்கே ஏற்றது, எங்கே எறிந்தது என்பதை நம் வாசகர்களுடன் சற்றே ஆற அமர எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும் என்று கருதுகின்றோம்.

கதையும் கதாநாயகியும்

‘பேட் கேர்ள்’ என்பதற்குக் ‘கெட்ட பெண்’ என்று பொருள். இயக்கியவர் வர்ஷா பரத் என்னும் இளம் பெண்மணி. இது அவருடைய முதற் படம். புகழ்பெற்ற இயக்குநர் வெற்றிமாறனின் நிறுவனம் தயாரித்தது. இந்திப் பட இயக்குநர் அனுராக் காஷ்யப் உடன் நின்றார். அமித் திரிவேதி இசையமைத்தார். பெரிய கதாநாயகர் எவருமில்லை. சண்டையில்லை. வில்லன் இல்லை.

சென்னையில், ஆசாரம் மிகுந்த ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவள் ரம்யா. அஞ்சலி சிவராமன் இப்பாத்திரத்தை ஏற்று, பள்ளிச் சிறுமியாகவும் வளர்ந்த மங்கையாகவும் தோன்றுகின்றார். தாயார் சுந்தரி, மகள் படிக்கும் பள்ளியிலேயே ஆசிரியை. அவ்வேடத்தில் வருபவர் சாந்திப்பிரியா. வீட்டிலும் அம்மாவின் கண், வகுப்பிலும் அம்மாவின் கண். நாமும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளைக் கண்டிருக்கின்றோமல்லவா? அவர்கள் படும் பாட்டை விளக்க வேண்டியதில்லை.

ரம்யாவின் மனமோ ஓயாது கனாக் காண்கின்றது. தன்னை நேசிக்க ஒருவன் வேண்டும் என்று ஏங்குகின்றது. பள்ளிப் பருவத்துக் காதல் வீட்டாருக்குத் தெரியவருகின்றது. கண்டிப்பு இறுகுகின்றது. இறுக இறுக அவள் விலகுகின்றாள். பின்னர் கல்லூரி, பின்னர் உத்தியோகம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காதல், ஒவ்வொரு காதலிலும் ஒரு முறிவு. முப்பது வயதைத் தாண்டும் வரை கதை அவளைப் பின்தொடர்கின்றது.

மூன்று தீர்ப்புகள்

இப்படத்துக்குக் கிடைத்த வரவேற்பு ஒன்றல்ல, மூன்று. அவை ஒன்றுக்கொன்று முரணானவை.

முதலாவது, முழுப் படத்தையும் பார்த்தவர்கள் வழங்கியது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்து தேசத்தின் ரொட்டர்டாம் சர்வதேசத் திரைப்பட விழாவில் இப்படம் முதன்முறையாகக் காட்டப்பட்டது. புதிய இயக்குநர்களுக்கான ‘டைகர்’ போட்டிப் பிரிவில் இடம் பெற்று, ஆசியத் திரைப்படங்களுக்காக வழங்கப்படும் ‘நெட்பாக்’ விருதைப் பெற்றது. தமிழ் அறியாத மக்கள், சென்னைப் பெண்ணொருத்தியின் கதையைத் தம் கதையாகக் கண்டனர்.

இரண்டாவது, படத்தைப் பாராதவர்கள் வழங்கியது. விழாவுக்குச் சற்று முன்னர், 2025 ஜனவரியில், ‘டீசர்’ எனப்படும் சிறு முன்னோட்டம் வெளியாயிற்று. சில நிமிடங்களே ஓடும் அத்துணுக்கைக் கண்டவுடன் கண்டனம் கிளம்பிற்று. ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் பெண்களை இழிவுபடுத்துகின்றது என்றனர் சிலர். தம் சமூகத்தின் கதையை விட்டுப் பிறர் வீட்டுக் கதையை ஏன் எடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களை வினவினர் வேறு சிலர். பள்ளிப் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று அஞ்சினர் பெற்றோர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சிறுவயதினரைக் காட்டும் விதம் பற்றிய முறைப்பாட்டை விசாரித்து, அம்முன்னோட்டத்தை யூடியூப் தளத்திலிருந்து நீக்குமாறு பணித்தது.

மூன்றாவது, திரையரங்கில் கட்டணம் கொடுத்துப் பார்த்தவர்கள் வழங்கியது. தணிக்கைக் குழு ‘யு/ஏ 16+’ சான்றிதழை அளிக்க, 2025 செப்டெம்பர் 5-ஆம் தேதி படம் திரைக்கு வந்தது. அஞ்சலி சிவராமனின் நடிப்பையும், தாய்க்கும் மகளுக்கும் இடையிலான காட்சிகளின் உண்மையையும் விமரிசகர்கள் போற்றினர். கதை ஒரே வட்டத்தில் சுழல்கின்றது என்று குறை கூறியோரும், புகைத்தலையும் மதுவையும் விடுதலையின் அடையாளமாகக் கொள்ளலாகாது என்று எச்சரித்தோரும் உளர். இவையெல்லாம் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன குறைகள். ஆதலால் அவற்றுக்கு மதிப்புண்டு.

இதனிடையே, இப்படமே தம் நிறுவனத்தின் இறுதித் தயாரிப்பு என்று வெற்றிமாறன் அறிவித்துவிட்டார். சிறிய படங்களை எடுத்துவிட்டு, தணிக்கையோடும் வழக்கோடும் போராடும் சுமை பெரிது என்பது அவர் அனுபவம். பார்க்காமல் எறியும் கல்லுக்கும் ஒரு விலை உண்டு. அடுத்த இளம் இயக்குநருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பே அந்த விலையாகும்.

எது நியாயமான குறை?

கண்டித்தவர்கள் அனைவரையும் பத்தாம்பசலிகள் என்று தள்ளிவிடுதல் எளிது. அது முறையன்று. சிறுவரைத் திரையில் எவ்வாறு காட்டலாம் என்பது எந்நாட்டிலும் கவனத்துக்குரிய வினா. அவ்வினாவை நீதிமன்றம் ஆராய்ந்ததில் தவறில்லை. ஆனால் ஒரு முன்னோட்டம் தகுமா தகாதா என்பது ஒரு வழக்கு. ஒரு கதை சொல்லப்படலாமா கூடாதா என்பது மற்றொரு வழக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே இவ்விவகாரத்தில் நேர்ந்த பெரும் பிழை.

சாதியைக் குறித்த குறையையும் இவ்வாறே ஆராயலாம். எந்தக் குடும்பத்தில் வைத்துச் சொன்னாலும் ஒரு கதைக்கு ஒரு வீடு வேண்டும், ஒரு சமையலறை வேண்டும், ஒரு பூசை அறை வேண்டும். அவ்வீட்டின் பேச்சும் நடப்பும் உண்மையாக அமைந்தால்தான் கதை நிற்கும். கண்டிக்க வேண்டியது பொய்யாகச் சித்திரித்தலையே அன்றி, சித்திரித்தலையே அன்று.

படம் தவறான வழியைப் போற்றுகின்றதா? முழுமையாகப் பார்த்தவர் அவ்வாறு கூறார். ரம்யா தேடிய சுதந்திரம் அவளுக்குச் சொர்க்கத்தைத் தரவில்லை. ஒவ்வொரு முறையும் காயத்துடனேயே மீள்கின்றாள். அவள் செய்த தவறுகளைப் படம் மறைக்கவுமில்லை, அதற்காக அவளைக் கொல்லவுமில்லை. பழைய படங்களில் இத்தகைய பெண்ணுக்குக் கிணறோ, ஆறோ, ரயிற்பாதையோ காத்திருக்கும். இப்படம் அவளை உயிரோடு வீட்டுக்கு அனுப்புகின்றது. சிலருக்குப் பொறுக்க முடியாதது அதுதானோ என்று நாம் ஐயுறுகின்றோம்.

இன்னொன்று. இப்படத்தின் தாயார் கொடியவள் அல்லள். அவளும் ஒரு கண்டிப்பான தாயின் மகளே. பாட்டி, தாய், மகள் என மூவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். தன் மீது விழுந்த அடியையே தாய் மகளுக்குக் கைமாற்றுகின்றாள். அன்பு என்றெண்ணியே கைமாற்றுகின்றாள். இதனைக் காட்டியதே படத்தின் தலைசிறந்த பகுதி என்பது நம் கருத்து.

நல்ல பெண்ணுக்கு நேர்ந்தது என்ன?

‘கெட்ட பெண்’ணின் கதை இவ்வாறிருக்க, நல்ல பெண்ணின் கதையையும் பார்ப்போம். அதற்கு நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

1978-ஆம் ஆண்டில் நம் இலங்கையின் புகழ்பெற்ற பெண் இயக்குநர் சுமித்ரா பீரிஸ், தம் முதற் படமாகக் ‘கெஹெணு லமாய்’ என்ற சிங்களப் படத்தை உருவாக்கினார். ‘பெண் பிள்ளைகள்’ என்பது அதன் பொருள். கருணாசேன ஜயலத் எழுதிய நாவலைத் தழுவியது. அதில் குசும் என்ற கிராமத்துப் பள்ளி மாணவியாக வசந்தி சதுராணி அறிமுகமானார். வசதி படைத்த வீட்டுப் பையனிடம் குசுமுக்கு நேசம் உண்டாகின்றது. பையனின் தாயார் அவளை அழைத்து, விலகிக்கொள்ளுமாறு கேட்கின்றார். குசும் எதிர்த்துப் பேசவில்லை. அடங்கிப் போகின்றாள். கனவையும் இழக்கின்றாள்.

பெரியோர் சொற் கேட்டு நடந்தவள் குசும். கேளாது நடந்தவள் ரம்யா. ஒருத்தி வாய் திறக்கவில்லை; மற்றொருத்தி வாய் மூடவில்லை. ஆயினும் இருவரும் அடைந்த தனிமை ஒன்றே. ஏனெனில் இருவரிடமும், “மகளே, உன் மனத்தில் என்ன?” என்று கேட்டார் எவருமில்லை.

கெஹெணு லமாய் மறைந்துபோகவில்லை. பம்பாயில் இயங்கும் திரைப்படப் பாரம்பரிய நிறுவனம் பழுதுற்ற அதன் சுருள்களைப் புதுப்பிக்க, 2025 மே மாதத்தில் பிரான்சு தேசத்துக் கான் விழாவின் பழம்பெரும் படங்களுக்கான பிரிவில் அது காட்டப்பட்டது. சுமித்ரா அம்மையார் அதைக் காண இருக்கவில்லை. 2023 ஜனவரியிலேயே காலமானார். சென்னைப் பெண்ணின் படமும் இலங்கைப் பெண்ணின் படமும் ஒரே ஆண்டில் ஐரோப்பிய விழாக்களில் ஒளிர்ந்தன என்பது தற்செயலே. எனினும் எண்ணத்தக்க தற்செயல்.

எல்லாப் படங்களுக்கும் இத்தகைய பேறு கிட்டுவதில்லை. நம் கிழக்கு மாகாணத்தைக் களமாகக் கொண்டு சஞ்சீவ புஷ்பகுமார எடுத்த ‘பறக்கும் மீன்கள்’ என்னும் படம், போரின் நடுவே சிக்கிய கிராமத்துப் பெண்களின் துயரைக் கூறியது. 2011-இல் ரொட்டர்டாம் விழாப் போட்டியில் இடம் பெற்ற அப்படம், 2013 ஜூலையில் கொழும்பில் திரையிடப்பட்டபோது, இராணுவத்தினரை இழிவுபடுத்துவதாகக் கூறித் தடைசெய்யப்பட்டது. கொடியும் சீருடையும் சாதியும் பெண்ணின் துயரத்தைவிட விரைவாகக் கண்ணில் படுகின்றன. சென்னையில் நடந்ததும் கொழும்பில் நடந்ததும் அந்த அளவில் ஒன்றே.

வாயடைத்த பெண்ணின் மௌனத்தைத் தமிழிலேயே காட்டிய மற்றொரு படம், பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’. 2024-இல் பெர்லின் விழாவில் காட்டப்பட்டது. வீட்டார் நிச்சயித்த மாப்பிள்ளையை ஏலாத மீனாவுக்குப் பேய் பிடித்ததென்று எண்ணி, குடும்பமே அவளை ஆட்டோவில் ஏற்றிப் பூசாரியிடம் கொண்டுசெல்கின்றது. படம் முழுவதும் அவளைச் சுற்றி எல்லோரும் பேசுகின்றார்கள். அவள் மட்டும் ஏறத்தாழ வாய் திறப்பதேயில்லை. பின்னணி இசை இல்லை. சில ரசிகர்கள் பொறுமை இழந்தனர், சிலர் வியந்தனர். பேய் யாரைப் பிடித்திருக்கின்றது என்ற கேள்வியைப் பார்ப்பவரிடமே படம் விட்டுவிடுகின்றது.

நம் வாவிக் கரையில்

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ் கூறும் நல்லுலகில் மட்டக்களப்புக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இங்கே ‘குடி’ என்பது தாய் வழியே வருவது. பிள்ளை எந்தக் குடி என்றால், தாயின் குடியே பதில். வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பதும், மருமகன் அவ்வீட்டுக்கு வந்து குடியேறுவதும் நம்மிடையே நெடுநாள் வழக்கம். மகள் பிறந்தால் அடித்தளத்துக்குக் கல் சேர்க்கத் தொடங்கும் தந்தையரை நாம் அறிவோம். அத்தகைய நாட்டிலே மகளின் பெயருக்கு வீடு இருக்கின்றது. அவள் பேச்சுக்கு அவ்வீட்டில் எத்தனை அடி இடம் இருக்கின்றது? இக்கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் தகும்.

நம் பெண் பிள்ளைகள் பட்ட பாடும் சாதாரணமானதன்று. போர்க்காலத்தில் ஆயுதம் தூக்கப் பிடித்துச் செல்வார்கள் என்று அஞ்சி, பள்ளிச் சீருடையைக் களைந்து தாலி கட்டிவிட்ட வீடுகள் எத்தனை! 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி நாவலடியையும் கல்லடியையும் விழுங்கியபோது தாயை இழந்த சிறுமியர் எத்தனை பேர்! குடும்பத்தைக் காப்பாற்றத் தாய் மத்திய கிழக்குக்குச் சென்றுவிட, பன்னிரண்டு வயதில் தம்பி தங்கையர்க்குத் தாயானோர் எத்தனை பேர்! இவர்களில் ஒருத்தி சினந்து பேசினால், கதவைச் சாத்திக்கொண்டால், படிப்பில் பின்தங்கினால், யாரோ ஒருவனை நம்பிவிட்டால், உடனே நாம் கொடுக்கும் பட்டம் ஒன்றே: ‘கெட்ட பெட்டை’. காரணம் கேட்பதைவிடப் பட்டம் கொடுப்பது எளிது.

ஆனால் நம் முன்னோர் வேறொரு வழியையும் நமக்கு விட்டுச் சென்றிருக்கின்றனர். வைகாசி மாதத்தில் நம் கண்ணகை அம்மன் கோவில்களில் ‘கண்ணகி வழக்குரை’ படிக்கின்றோம், திருக்குளிர்த்தி செய்கின்றோம். மதுரையை எரித்த அந்த இளம் பெண்ணைக் ‘கெட்டவள்’ என்று இந்நாடு விரட்டவில்லை. அவளுடைய வழக்கை முதலிலிருந்து முடிவு வரை உட்கார்ந்து கேட்கின்றது. கேட்ட பின்னரே குளிர்விக்கின்றது. இரவிரவாக ஓர் இளம் பெண்ணின் வழக்கைக் கேட்கத் தெரிந்த ஊருக்கு, தன் வீட்டுப் பிள்ளையின் வழக்கை அரைமணி நேரம் கேட்கத் தெரியாமற் போகுமா?

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

பெற்றோர்க்கு நாம் சொல்வது இதுவே. எந்தப் படத்தையும் துணுக்கைக் கண்டு தீர்ப்பிடாதீர்கள். முதலில் நீங்கள் பாருங்கள். பதினாறு வயதுக்குக் குறைந்தோர் பெற்றோரின் வழிகாட்டலுடன் பார்க்க வேண்டிய படம் இது என்பதைத் தணிக்கைக் குழுவே கூறியுள்ளது, அதனை மதியுங்கள். அதற்கு மேற்பட்ட மகளோ மகனோ பார்க்க விரும்பினால், தனியே மறைந்து பார்க்க விடுவதைவிட அருகிலிருந்து பார்த்தல் நன்று. ஆம், மகனும் பார்க்க வேண்டும். ரம்யாவின் மனத்தை முறித்தவர்கள் யாரோ ஒரு தாய் வளர்த்த ஆண் பிள்ளைகளே அல்லவா?

மாணவியரே, உங்களுக்கும் ஒரு சொல். படம் வழிகாட்டிப் பலகையன்று. அது ஒரு கண்ணாடி. ரம்யா செய்ததையெல்லாம் செய்யுமாறு அது உங்களை அழைக்கவில்லை. அவள் எங்கே இடறினாள் என்பதையும் கவனியுங்கள். அம்மாவின் முகத்தையும் சற்றே உற்றுப் பாருங்கள். அவரும் ஒரு காலத்தில் பதினாறு வயதினராக இருந்தார்.

அந்தத் தாயாரைச் சில வாரங்களின் பின் மீண்டும் சந்தித்தோம். படத்தைத் தனியே பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

“எப்படி இருந்தது, அக்கா?”

“சில இடம் எனக்குப் பிடிக்கேல்லை. உள்ளதைச் சொல்லவேணும். ஆனால் அந்த அம்மாவைப் பார்க்க எனக்கு என்ட அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. நானும் அப்படித்தான் மகளோடு கதைக்கிறேனோ என்று நினைத்தேன்.”

“மகளோடு கதைத்தீர்களா?”

“படத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கேல்லை. இரவில் அவள் கட்டிலில் போய் இருந்தேன். ஒன்றும் கேட்கவும் இல்லை. கனநேரம் பேசாமல்தான் இருந்தாள். பிறகு, ‘அம்மா, நீங்கள் ஏசமாட்டீங்கதானே?’ என்று கேட்டாள்.”

அதற்கு மேல் மகள் என்ன சொன்னாள் என்பதை அவர் நம்மிடம் கூறவில்லை. நாமும் கேட்கவில்லை. அது அவர்கள் இருவருக்கும் உரியது. துடுப்பை நீரில் இறக்கியவருக்கே அவ்வொலி கேட்கும். அவர் இறக்கிவிட்டார் என்பதை அறிந்த மகிழ்ச்சியுடன் நாம் பாலத்தைக் கடந்து வீடு திரும்பினோம்.